ராக் ஐலண்டின் கடைசி இரண்டு ராக்கெட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1978 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இரண்டு பயணிகள் ரயில்கள் கடைசி முறையாக ஓடின. ஒன்று சிகாகோவிலிருந்து பியோரியா வரை 161 மைல் செல்லும் 'பியோரியா ராக்கெட்'. மற்றது சிகாகோவிலிருந்து மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள ராக் ஐலண்ட் நகர் வரை 181 மைல் செல்லும் 'குவாட் சிட்டீஸ் ராக்கெட்'. இவற்றை நடத்திவந்த 'சிகாகோ, ராக் ஐலண்ட் அண்ட் பசிபிக்' (சுருக்கமாக ராக் ஐலண்ட்) நிறுவனத்திடம் அன்று மிச்சமிருந்த நெடுந்தூரப் பயணிகள் ரயில்கள் இவ்விரண்டு மட்டுமே. சிகாகோவின் புறநகர் ரயில்கள் தனிக் கணக்கு. ராக்கெட்டுகள் நின்ற பதினைந்து மாதங்களுக்குள் நிறுவனத்தின் சரக்கு ரயில்களும் நின்றுபோயின.

கார் பெருகியது, நெடுஞ்சாலை வந்தது, பயணிகள் குறைந்தார்கள், ரயில் நின்றது என்பதே இந்த முடிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஜோலியட், ஒட்டாவா, லசால் ஆகிய ஊர்களை ஒட்டி 80-ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை வந்தபின், சிகாகோ செல்பவருக்கு ரயிலுக்காகக் காத்திருக்கும் கட்டாயம் இல்லாமற்போனது. ஆனால் அதே மாநிலத்தில், அதே ஆண்டுகளில், அதே சிகாகோவிலிருந்து மேற்கே மிசிசிப்பிக் கரையிலுள்ள குயின்சி நகருக்கு 1971 நவம்பரில் மாநில அரசின் உதவியோடு தொடங்கப்பட்ட 'இல்லினாய் செஃபிர்' இன்றும் ஓடுகிறது. அந்த வழியிலிருந்தவர்களிடமும் கார்கள் இருந்தன. எனவே நெடுஞ்சாலை என்ற ஒரு காரணத்தோடு இந்த ஆய்வை முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு வழிகளுக்கும் இருந்த பெரிய வேறுபாடு தண்டவாளத்தின் நிலைதான். ராக் ஐலண்டின் தண்டவாளம் ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வி.

நிறுவனத்தின் பின்னணி

ராக் ஐலண்ட் சிறிய நிறுவனம் அன்று. அதன் முதல் ரயில் 1852 அக்டோபர் 10 அன்று சிகாகோவிலிருந்து ஜோலியட்டுக்குச் சென்றது. 1854 பிப்ரவரியில் அதன் பாதை மிசிசிப்பி ஆற்றைத் தொட்டது. சிகாகோவை அந்த ஆற்றோடு இணைத்த முதல் ரயில் பாதை அதுவே. 1856-இல் ஆற்றுக்குக் குறுக்கே அது பாலமும் கட்டியது. பாலம் திறந்த சில நாட்களிலேயே 'எஃபி ஆஃப்டன்' என்ற நீராவிக் கப்பல் அதன் தூணில் மோதி எரிந்தது. கப்பல் தரப்பு தொடுத்த வழக்கில் பாலத்தின் தரப்புக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் அந்த விசாரணை தீர்ப்பின்றி முடிந்தது, பாலம் நிலைத்தது. ஆற்றைக் கடக்க ரயிலுக்கு உள்ள உரிமை நிலைபெற்ற வரலாற்றில் இந்த வழக்குக்குத் தனியிடம் உண்டு. பின்னாளில் கடைசி ராக்கெட் ஓடியதும் இதே பாதையில்தான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1933-இல் நிறுவனம் இரண்டாம் முறையாகத் திவாலானது. அந்நிலையிலிருந்து அதை மீட்கும் பணியில் ஜான் ஃபாரிங்டன் முன்னின்றார். 1937-இல் பட் நிறுவனம் கட்டிய துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளையும் டீசல் எஞ்சின்களையும் கொண்டு 'ராக்கெட்' என்ற பெயரில் ஒரு ரயில் வரிசை தொடங்கியது; பியோரியா ராக்கெட் அந்த முதல் வரிசையைச் சேர்ந்தது. 1939-இல் சிகாகோவிலிருந்து டென்வருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கும் 'ராக்கி மவுண்டன் ராக்கெட்' வந்தது. திவால் நிலையிலிருக்கும் நிறுவனம் பயணிகளுக்காக இவ்வளவு முதலீடு செய்தது சாதாரணமன்று. 1948-இல் ராக் ஐலண்ட் நீதிமன்றப் பொறுப்பிலிருந்து விடுபட்டபோது அதற்கு நல்ல எதிர்காலம் இருப்பதாகவே பலரும் கருதினார்கள்.

பத்தாண்டுக் காத்திருப்பு

அதன் அடிப்படைப் பலவீனம் வரைபடத்தில் இருந்தது. சிகாகோவுக்கும் ஒமாஹாவுக்கும் இடையே ஆறு ரயில் நிறுவனங்கள் தனித்தனிப் பாதைகள் வைத்திருந்தன. ராக் ஐலண்ட் அவற்றில் ஒன்று. சரக்கில் முதலிடமும் அதற்கு இல்லை. ஏறத்தாழ 7,000 மைல் நீளமுள்ள அதன் வலையமைப்பில் அறுவடைக் காலத்தில் மட்டும் தானியம் ஏற்றும் கிளைப் பாதைகள் ஏராளம். கட்டணத்தையும் பாதை மூடலையும் மத்திய அரசின் மாநிலங்களிடை வணிக ஆணையம் கட்டுப்படுத்தியதால், நட்டம் தரும் கிளையை நிறுவனம் தன் விருப்பப்படி மூடிவிட முடியாது.

இந்நிலையில் யூனியன் பசிபிக் நிறுவனத்தோடு இணைவதே இயல்பான தீர்வாகத் தோன்றியது. ஒமாஹாவிலிருந்து மேற்கே நீளும் யூனியன் பசிபிக்குக்குச் சிகாகோ வரை சொந்தப் பாதை கிடையாது. ராக் ஐலண்ட் அதைத் தரும். தெற்குப் பகுதிப் பாதைகளைச் சதர்ன் பசிபிக் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். 1964-இல் விண்ணப்பம் ஆணையத்தின் முன் வந்தது. ஒமாஹாவில் யூனியன் பசிபிக் கைமாற்றும் சரக்கை நம்பியிருந்த சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கடுமையாக எதிர்த்தது. மேற்கிலுள்ள மற்ற நிறுவனங்களும் தத்தம் கோரிக்கைகளோடு வழக்கில் நுழைந்தன. ஆணையம் கையாண்ட இணைப்பு வழக்குகளிலேயே மிகச் சிக்கலானதாக அது வளர்ந்து, 1974 நவம்பரில்தான் முடிவுக்கு வந்தது. ஒரு ரயில் நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் பத்தாண்டுகள் ஆயின.

அந்தப் பத்தாண்டுகளில் நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். ராக் ஐலண்ட் லாபம் கண்ட கடைசி ஆண்டு 1965. அதன்பின் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டபோது முதலில் வெட்டப்பட்டது தண்டவாளப் பராமரிப்புச் செலவு. விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த மனநிலையே நிர்வாகத்தை ஆட்கொண்டது. இணைப்பு நாளையே நடந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் இருக்கும் எவரும், இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கடன் வாங்கமாட்டார்கள். கட்டைகள் மக்கின; ஜல்லிக்குள் சேறு ஏறியது; மழைக்குப்பின் தண்டவாளம் சமநிலை இழந்தது. ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்ட வேலை அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறியது. கடைசியில் ஆணையம் பல நிபந்தனைகளோடு இணைப்புக்கு ஒப்புதல் தந்தபோது, ராக் ஐலண்டைச் சீர்செய்ய ஆகக்கூடிய செலவையும் அந்த நிபந்தனைகளையும் எடைபோட்ட யூனியன் பசிபிக் 1975-இல் விலகிக்கொண்டது. 1964-இல் அது விரும்பிய பாதை 1975-இல் அங்கு இல்லை.

இதில் நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் 'முடியாது' என்று ஆணையம் சொல்லியிருந்தால்கூட நிறுவனம் வேறு வழி தேடியிருக்கும். மறுப்பும் வராமல் ஒப்புதலும் வராமல் நீண்ட காத்திருப்பே மிகப் பெரிய சேதத்தை விளைவித்தது.

ஆம்ட்ராக்கில் சேராத முடிவு

பயணிகள் ரயில்கள் இதற்கிடையே ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. 1966-இல் ராக்கி மவுண்டன் ராக்கெட் டென்வர் செல்வதை நிறுத்தி, ஒமாஹாவோடு முடியும் 'கார்ன்ஹஸ்கர்' ஆகச் சுருங்கியது. 1967-இல் அஞ்சல் துறை ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் பெட்டிகளைப் பெருமளவில் விலக்கிக்கொண்டது; பயணிகள் ரயில்களை நாடெங்கும் தாங்கிநின்ற வருமானம் அது. 1968 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வரை சென்ற 'கோல்டன் ஸ்டேட்' நின்றது. 1970-இல் கார்ன்ஹஸ்கரும் மிசிசிப்பியின் கிழக்குக் கரையோடு நின்றுகொண்டு 'குவாட் சிட்டீஸ் ராக்கெட்' என்ற பெயரைப் பெற்றது. ராக்கி மலைத்தொடரை எட்டிய ரயில் ஐந்தாண்டுக்குள் ஒரே மாநிலத்துக்குள் முடங்கிய கதை இது.

1970 அக்டோபரில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்ட ரயில் பயணிகள் சேவைச் சட்டம், தனியார் நிறுவனங்கள் தம் நெடுந்தூரப் பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக் என்ற புதிய அமைப்பிடம் ஒப்படைத்துவிட வழிசெய்தது. அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 1969-இல் பயணிகள் சேவையால் ஏற்பட்ட நட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அந்தத் தொகை கணக்கிடப்பட்டது. பணமாகவோ பெட்டி, எஞ்சின், சேவையாகவோ அதைச் செலுத்தலாம். சேராத நிறுவனம் 1975 ஜனவரி 1 வரை தன் ரயில்களைத் தானே நடத்தியாக வேண்டும். அதற்குமுன் நிறுத்த விண்ணப்பிக்க முடியாது.

ராக் ஐலண்டுக்குக் கணக்கிடப்பட்ட கட்டணம் 47 லட்சம் டாலர். எஞ்சியிருந்தவை இரண்டே ராக்கெட்டுகள், இரண்டுமே ஒரு மாநிலத்துக்குள் ஓடுபவை. அவற்றின் நட்டத்தைத் தாங்குவது கட்டணத்தைக் கட்டுவதைவிட மலிவு என்று நிர்வாகம் முடிவு செய்தது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் தொடங்கியபோது விலகிநின்ற நிறுவனங்களில் ராக் ஐலண்ட், சதர்ன் (சதர்ன் பசிபிக்கிலிருந்து வேறானது), ரியோ கிராண்டே ஆகிய மூன்றும் முக்கியமானவை.

இந்த முடிவு பயணிகளுக்கு இழைத்த துரோகம் என்று எழுதுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஆம்ட்ராக்கின் தொடக்க வலையமைப்பில் பியோரியாவும் இல்லை, ராக் ஐலண்ட் நகரும் இல்லை. சிகாகோவிலிருந்து ஒமாஹா வழியாக மேற்கே செல்லும் ரயிலுக்கு அது தேர்ந்துகொண்டது பர்லிங்டன் பாதையை. ராக் ஐலண்ட் அன்று சேர்ந்திருந்தால் இரண்டு ராக்கெட்டுகளும் பெரும்பாலும் அந்த மே மாதத்திலேயே நின்றிருக்கும். சேராததால் அவற்றுக்கு ஏழரை ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. பணத்தை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, எவரும் நோக்கமாகக் கொள்ளாமலேயே, ரயில்களை வாழவைத்தது. ஆனால் ரயிலை ஓட்ட வேண்டும் என்று கட்டளையிட்ட சட்டம், அது எந்தத் தரமுள்ள பாதையில், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை உறுதிசெய்யவில்லை.

கடைசி ஆண்டுகள்

1970-இல் நிறைவேறிய ரயில் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தண்டவாளங்கள் தர வாரியாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு தரத்துக்கும் உச்ச வேகம் விதிக்கப்பட்டது. நான்காம் தரப் பாதையில் பயணிகள் ரயில் மணிக்கு 80 மைல் வரை செல்லலாம். மூன்றாம் தரத்தில் 60. இரண்டாம் தரத்தில் 30. முதல் தரத்தில் 15. எண் இறங்க இறங்கப் பாதை மோசம் என்று பொருள். பராமரிப்பு இல்லாத பாதையில் ஒரு பகுதி ஒரு தரம் இறங்கினாலே ரயிலின் வேகம் பாதியாகிவிடக்கூடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிய இருபது மைல் தூரத்தை, முன்பு இருபது நிமிடத்தில் கடந்த ரயில், இப்போது நாற்பது நிமிடத்தில் கடக்க வேண்டும். வழியெங்கும் இத்தகைய வேகக் கட்டுப்பாடுகள் பெருகின. முப்பதுகளில் மூன்று மணி நேரத்துக்குள் பியோரியாவை எட்டிய ரயில், எழுபதுகளில் அந்த நேரத்தை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

பயணிகள் குறைந்ததை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பியோரியா அன்று கேட்டர்பில்லர் நிறுவனத்தின் தலைமையிடம். ராக் ஐலண்ட் நகரை உள்ளடக்கிய குவாட் சிட்டீஸ் பகுதியிலுள்ள மொலின் ஜான் டீர் நிறுவனத்தின் தலைமையிடம். சிகாகோவுக்கு அலுவல் நிமித்தம் போய்வர ஆள் இல்லாத ஊர்கள் அல்ல இவை. காலையில் போய் மாலையில் திரும்ப நம்பகமான நேரத்தை ரயில் தர முடியாதபோது அவர்கள் காரை எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் சராசரியாகப் பாதி இருக்கைகள்கூட நிரம்பவில்லை. ரயில் தாமதமானதால் பயணிகள் விலகினார்கள். விலகியதைக் காட்டி, ரயிலுக்குத் தேவை இல்லை என்று வாதிடப்பட்டது.

சிகாகோவின் லசால் தெரு நிலையம் ஒருகாலத்தில் நியூயார்க் செல்லும் 'டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட்' புறப்பட்ட இடம். 1968-இல், நியூயார்க் வழி ரயில்களை நடத்திய பென் சென்ட்ரல் நிறுவனம் தன் ரயில்களை யூனியன் ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொண்டபின், அந்தப் பெரிய நிலையத்தில் மிஞ்சியவை ராக் ஐலண்டின் புறநகர் ரயில்களும் இந்த இரண்டு ராக்கெட்டுகளும்தான். நாடெங்கும் பயணிகள் ரயில்கள் ஆம்ட்ராக்கின் சீருடைக்குள் போய்விட்ட காலத்தில், சொந்த எஞ்சினும் சொந்தப் பெட்டியும் சொந்தப் பெயரும் கொண்டு ஒரு தனியார் ரயில் ஓடியதைக் காணவும் படமெடுக்கவும் ரயில் ஆர்வலர்கள் தொலைவிலிருந்தெல்லாம் வந்தார்கள். நாட்டின் இருநூறாவது ஆண்டை ஒட்டி ஒரு எஞ்சினுக்கு 'இண்டிபெண்டன்ஸ்' என்று பெயரிட்டு வண்ணம் பூசினார்கள். அங்கிருந்த ஊழியர்கள் தங்கள் ரயிலைக் கைவிட மனமில்லாதவர்கள் என்பதற்கு அந்த வண்ணப்பூச்சு ஒரு சான்று. ஆனால் தண்டவாளத்துக்குத் தேவைப்பட்ட பணம் வேறு அளவினது.

1975 மார்ச் 17 அன்று ராக் ஐலண்ட் மூன்றாம் முறையாகத் திவாலானது. நீதிபதி ஃபிராங்க் மெக்கார் மேற்பார்வையில் வில்லியம் கிப்பன்ஸ் நிறுவனத்தை நிர்வகிக்கும் அறங்காவலராக நியமிக்கப்பட்டார். மத்திய ரயில் நிர்வாகத்தின் தலைவராக இருந்து நிறுவனத்துக்கு வந்த ஜான் இங்கிராம் 'தி ராக்' என்ற புதிய பெயரையும் நீல வெள்ளை நிறத்தையும் கொண்டுவந்தார். மத்திய அரசு அமைப்பிடம் கேட்ட கடன் மறுக்கப்பட்டது. சரக்கு ரயிலையே ஓட்டத் திணறிய அறங்காவலருக்கு ராக்கெட்டுகள் வெறும் சுமையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கடன் கொடுத்தவர்களின் நலனைக் காப்பது அவருடைய கடமை.

எனவே ராக்கெட்டுகளின் ஆயுள் இல்லினாய் மாநில அரசின் மானியத்தில் தொங்கியது. மாநிலத்தின் நிலையும் எளிதன்று. அது தந்த மானியம் ரயிலை ஓட்டுவதற்கு ஆகும் நட்டத்தை ஈடுகட்டியதே தவிர, கீழே இருந்த பாதையைப் புதுப்பிப்பதற்குரியதாக இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே ரயில் இன்னும் மெதுவாக, இன்னும் குறைவான பயணிகளோடு ஓடியது. குயின்சி, ஸ்பிரிங்ஃபீல்ட், கார்பன்டேல் வழிகளில் அதே மாநிலம் ஆம்ட்ராக் மூலம் தந்த பணத்துக்கு நல்ல பாதையில் ஓடும் ரயில்கள் கிடைத்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த போக்குவரத்துத் துறை, ராக்கெட்டுகளுக்கான மானியத்தை விலக்கிக்கொண்டது. அந்த டிசம்பர் 31 அப்படித்தான் வந்தது.

ஒப்பீடும் பின்விளைவும்

விலகிநின்ற மற்ற இரண்டு நிறுவனங்களைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சதர்ன் நிறுவனம் 1979 பிப்ரவரி 1 அன்று தன் 'சதர்ன் கிரசென்ட்' ரயிலை ஆம்ட்ராக்கிடம் ஒப்படைத்தது. ராக்கெட்டுகள் நின்று ஒரு மாதமே ஆகியிருந்தது. ரியோ கிராண்டே தன் 'ரியோ கிராண்டே செஃபிர்' ரயிலை 1983 ஏப்ரல் வரை நடத்தியபின் ஆம்ட்ராக்கில் சேர்ந்தது. அவ்விரண்டு வழிகளிலும் ஆம்ட்ராக் ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. அவர்களிடம் ஒப்படைக்கத் தகுந்த பாதை இருந்தது. அவர்களுடைய ரயில்கள் பல மாநிலங்களைக் கடந்தவை என்பதால் தேசிய வலையமைப்பிலும் இடம் கிடைத்தது. ராக் ஐலண்டிடம் இரண்டில் ஒன்றும் இல்லை.

1979 ஆகஸ்ட் 28 அன்று எழுத்தர்களின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆணையத்தின் உத்தரவுப்படி கன்சாஸ் சிட்டி டெர்மினல் நிறுவனம் சில மாதங்கள் ரயில்களை நடத்தியது. 1980 ஜனவரி 25 அன்று நீதிபதி மெக்கார் நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டார். மார்ச் 31-உடன் இயக்கம் முடிந்தது. அதன்பின் நடந்தது கவனிக்கத்தக்கது. நிலமும் பாதையும் எஞ்சின்களும் விற்கப்பட்டபோது கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் முழுத்தொகை கிடைத்தது. மிச்சமிருந்த பணத்தோடு 1984-இல் நிறுவனம் 'சிகாகோ பசிபிக்' என்ற பெயரில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஹூவர் என்ற தூசு உறிஞ்சி தயாரிக்கும் நிறுவனத்தை வாங்கியது. ஓடும் ரயிலுக்குக் கிடைக்காத முதலீட்டை, அது ஓடாமற்போனபின் அதன் சொத்துகள் திரட்டித் தந்தன. கடன் கொடுத்தவர்களின் கணக்கில் இது வெற்றி. பியூரோவிலும் ஜெனிசியோவிலும் சிலிகாத்தியிலும் ரயில் ஏறியவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஜோலியட் வரையிலான புறநகர் சேவையை மட்டும் பொதுப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்டது. அது இன்று மெட்ராவின் 'ராக் ஐலண்ட்' தடமாக இயங்குகிறது. ஜோலியட்டுக்கு மேற்கே பயணிகள் ரயில் திரும்பவில்லை. பியோரியாவுக்காக 1980-இல் ஆம்ட்ராக் 'பிரெய்ரி மார்க்ஸ்மேன்' என்ற ரயிலை மாநில உதவியோடு வேறு பாதையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது நின்றது. மிசிசிப்பியை நோக்கிச் செல்லும் பழைய முதன்மைப் பாதையில் 1984 முதல் அயோவா இன்டர்ஸ்டேட் நிறுவனம் சரக்கு ரயில்களை நடத்திவருகிறது. பாதை ஆண்டுக்காண்டு சீராக்கப்பட்டிருக்கிறது. 2010-இல் சிகாகோவிலிருந்து மொலின் வழியாக அயோவா சிட்டி வரை பயணிகள் ரயில் விட மத்திய அரசு 23 கோடி டாலர் அறிவித்தது. அயோவா தன் பங்கில் பின்வாங்க, திட்டம் மொலினோடு சுருங்கியது. மொலினில் நிலையக் கட்டடம்கூட எழுந்துவிட்டது. சரக்கு நிறுவனத்தோடு பாதைச் செலவு குறித்த பேச்சுவார்த்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுவருகிறது.